கண்ணால் பார்த்த ஒரே ஆள்

பங்கிராஸைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று எங்கள் தெருவில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். பதினோரு வருஷம் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசாதவள் நான். ஆனால் அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எந்தச் சட்டையை எந்தக் கிழமை துவைப்பார், ரசத்துக்குப் பூண்டை உரித்துப் போடுவாரா தோலோடு தட்டிப் போடுவாரா என்பதெல்லாம் என்னை விட்டால் இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. பேசிப் பழகுகிறவர்கள் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். பேசாதவர்களுக்குத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை.

என் பெயர் அருள்செல்வி. முப்பத்திரண்டு வருஷம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேருக்கு நான் மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். அதனால் வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். உத்தமபாளையத்திலிருந்து வரும் மினிபஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டி, மலையடிவாரம் வரை போய்த் திரும்பும். வெள்ளைக்காரச் சாமியார்கள் வந்து கோயில் கட்டிய காலத்திலிருந்தே வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருக்கிற ஊர். கோயிலுக்குப் பின்னால் கடைசி வரிசையில் இரண்டு வீடுகள். ஒன்று என்னுடையது, அடுத்தது பங்கிராஸினுடையது. நடுவில் என் கழுத்து உயரத்துக்கு ஒரு சுவர்.

அவர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். பந்தலில் கொடி படர்ந்து கிடக்கும். ஒரு காய்ப்பு முடிந்ததும் எந்தக் கொம்பை எந்தக் கணுவோடு வெட்டுவது என்று தெரிந்து வெட்டினால்தான் அடுத்த காய்ப்பில் குலை இறங்கும். தள்ளி வெட்டினால் இலைதான் வரும். ஐம்பது வருஷம் அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்ததில், ரோட்டில் நடக்கும்போதும் அவருக்குத் தலை கொஞ்சம் தூக்கியே இருக்கும். “பங்கிராஸ் மோட்சத்துக்கு வழி பாத்துக்கிட்டே போறாரு” என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார். கத்தரிக்கோலைப் பிடித்துப் பிடித்து வலது கையில் இரண்டு விரல் நிமிராமலே போய்விட்டது. அத்தனை வருஷம் திராட்சைக்குள்ளேயே கிடந்தவர் ஒரு பழம் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை.

பந்தலுக்குக் கீழே வேலை என்றால் பேச்சும் சேர்ந்ததுதான். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று அண்ணாந்து வெட்டுவார்கள், வாய் சும்மா இருக்காது. கம்பம் சந்தை விலை, கேரளாவில் மழை, யார் பெண் யாரோடு பேசினாள், எல்லாம் அங்கே அலசப்படும். அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் பெனடிக்டும் ஒருவர். பங்கிராஸ் எனக்கு அண்ணன் முறை, ஆகவே அவர்கள் இருவரும் மச்சான் மாப்பிள்ளை. பெனடிக்ட் குடிப்பார். கொஞ்சமாக இல்லை. வேலை முடிந்து கடைக்குப் போனவரை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே வீட்டு வாசலில் கொண்டு வந்து இறக்கிவிடுகிறவர் பங்கிராஸ்தான். அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அதைச் சொன்னேன்.

பெனடிக்ட் காமாலை முற்றி இறந்தபோது, பெட்டியைத் தூக்க முதல் ஆளாகத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார் பங்கிராஸ். அத்தனை ஜனம் நிற்கும்போது நான் எழுந்து கத்தினேன்: “தொடாத! கூடவே கூட்டிக்கிட்டுத் திரிஞ்சு குடிக்கப் பழக்குனவன் நீதான! கொன்னுபோட்டுத் தூக்க வேற வாரியா?” கடவுளைத் திட்டப் பயம். செத்தவரைத் திட்டக் கூடாது. யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது, கைக்கு அகப்பட்டவர் அவர். அவர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றார் என்று பிறகு சொன்னார்கள்.

ஏழாம் நாளோ முப்பதாம் நாளோ ஒரு எட்டுப் போய், “அண்ணே, தெரியாமச் சொல்லிட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீடு, பத்தடி தூரம். அவர் வரட்டும் என்று நான் இருந்தேன். நான் வரட்டும் என்று அவர் இருந்திருப்பார். நாலு மாசம் போனது, அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு முறையெல்லாம் இருக்கிறது. நல்லதுக்குப் போக வேண்டாம், கெட்டதுக்குப் போகலாம். அவர் மனைவி செசிலி இறந்தபோது நானும் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.

செசிலி இருந்தவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவள்தான் தபால்காரி. அவள் போன பிறகு சாடைதான். எதிராளியிடம் சொல்ல வேண்டியதை ஆட்டிடமோ கோழியிடமோ உரக்கச் சொல்வது. என்னிடம் ஒரு வெள்ளாடு இருக்கிறது. “ஏ சிட்டு, பொழுதுக்கும் டிவிய இப்பிடி அலற விட்டா மனுசி எப்பிடித் தூங்குவா?” என்பேன். அடுத்த நிமிஷம் டிவி சத்தம் குறையும். அவர் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டே, “சில வீட்டு மோட்டார நிறுத்த மறந்தா தெருவெல்லாந்தான் ஆறு ஓடும், என்ன காக்கா?” என்பார். நான் ஓடிப் போய் மோட்டாரை நிறுத்துவேன். சிரிப்பாக இருக்கிறதா? என் மகள் மெர்லின் பெங்களூரில் இருக்கிறாள். அவருடைய மகன் ரூபன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு வீட்டிலும் போன் அடிக்கும். “சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டேன்.” “மாத்திரை போட்டீங்களா?” “போட்டேன்.” அதோடு சரி. மற்ற ஆறு நாளும் நான் வாயைத் திறந்து பேசியது ஆட்டோடுதான். அதாவது அவரோடு.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் அடுப்படி ஜன்னலில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த ஜன்னலிலிருந்து அவர் வீட்டுக் கொல்லையும் வாசல்படியும் நன்றாகத் தெரியும். தொட்டியில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தவர், வாளியோடு அப்படியே சாய்ந்துவிட்டார். வழுக்கி விழுகிறவன் கையை ஊன்றுவான். இவர் ஊன்றவில்லை, மரம் சாய்கிற மாதிரி விழுந்தார். நான் கீரையைக் கீழே போட்டேன். வாசலுக்குப் போவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாளியைத் தேடி எடுத்தார், மறுபடியும் மோந்தார். சரி, கால் இடறியிருக்கும் என்று நான் திரும்பிப் போய்க் கீரையை எடுத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். தனியாக இருக்கிற மனுஷன், இப்போது குடிக்க ஆரம்பித்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஒரு தடவை பழி சொல்லியும் என் புத்தி திருந்தவில்லை.

அடுத்தது கோயிலில். ஜூன் மாதம், இருதய ஆண்டவர் திருநாள் பூசை. நெடுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு எல்லாரும் எழுந்தபோது, ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் தடால் என்று சத்தம். எல்லாரும் முன்னால் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் இருந்த எனக்குக் கூட்டம்தான் தெரிந்தது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது கை இரண்டும் வெட்டி வெட்டி இழுத்ததாம். உடனே வலிப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் செருப்பைத் தேடினார். சாயங்காலத்துக்குள் கதை வளர்ந்து, வாயில் நுரை தள்ளியது, நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். போனவர்கள் நுரையையும் நாக்கையும் சேர்த்தே சொன்னார்கள். அவர் என்ன செய்வார், சொன்னதை வைத்துத்தானே மருந்து எழுத முடியும். வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு சொல்தான் பங்கிராஸைத் தனியாள் ஆக்கியது. தோட்டத்து முதலாளி கருத்தக்கண்ணன் நல்ல மனிதர். வீட்டு வாசலுக்கே வந்து, “அண்ணே, கத்தரியக் கையில வச்சுக்கிட்டு விழுந்தா என்னாகும்? நீங்க வீட்ல ஓய்வா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐம்பது வருஷம் பேச்சும் சிரிப்புமாகப் பந்தலுக்குக் கீழே நின்ற மனிதர் வீட்டோடு உட்கார்ந்தார். டீக்கடைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்களாம், விழுந்தால் நம் மேல் விழுவார் என்று. அதற்கப்புறம் அவர் டீக்கடைக்கும் போகவில்லை. மாத்திரை அவரை மந்தமாக்கியது. காலையில் ஒரு தடவை அடுப்பைப் பற்ற வைப்பார், அதையே இரவு வரைக்கும் சாப்பிடுவார். சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து எதிரே இருக்கிற முள்வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிவியைக்கூடப் போடுவதில்லை. நான் ஆட்டிடம் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு வருஷம் சண்டைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் குரல் கேட்காதபோதுதான் எனக்கும் ஊரில் வேறு ஆள் இல்லை என்று தெரிந்தது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் மறுபடியும் பார்த்தேன். வாசல்படியிலிருந்து எழுந்தார், இரண்டடி வைத்தார், விழுந்தார். நான் அதே ஜன்னலில் நின்றேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது, கண் திறந்து எழுந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று பார்க்கிறார் என நினைத்து, நான் ஜன்னலை விட்டு உள்ளே நகர்ந்துகொண்டேன். யாராவது இருக்கிறார்களா என்று தேடியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நவம்பரில் அது நடந்தது. காலை எட்டு மணி சுமாருக்கு நான் கொல்லையில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் ரத்தம் சுண்டிச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. சட்டை கையிலிருந்து நழுவியது, பின்னாலேயே அவரும் விழுந்தார். நெற்றி கல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கண் திறந்தபடி மேலே செருகியிருந்தது. கை இரண்டும் நாலைந்து தடவை வெட்டியது. நுரை இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு வெளுத்த முகம் அப்படியே குப்பென்று சிவந்தது. கண் சரியான இடத்துக்கு வந்தது. என்னைப் பார்த்தார்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு கையும் சுவர் மேல் இருந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கால் மடங்கி அடியில் மாட்டிக்கிடந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் புருவம் வழியாக வந்தது. தெருமுனையில் மினிபஸ் ஹாரன் கேட்டது, எட்டுப் பத்து வண்டி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்டைப் பார்த்து, “ஏ சிட்டு, எந்திரிக்க முடியலைன்னா வாயத் தொறந்து கூப்பிட வேண்டியதுதான?” என்றேன்.

கூப்பிடட்டும் என்று நினைத்தேன். டீச்சர் என்றோ, செல்வி என்றோ, ஒரு தடவை என் பேரைச் சொல்லட்டும், சுவர் ஏறிக் குதித்தாவது போகிறேன் என்று நின்றேன். அறுபத்துமூன்று வயதுக் கிழவிக்கு அத்தனை வீம்பு. அவர் கூப்பிடவில்லை. வலியில் முனகவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அமைதியாகக் கிடந்தார். அந்த அமைதியைக் கண்டு எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. இத்தனை ஆன பிறகும் இந்த மனிதர் இறங்கி வரமாட்டார் போலிருக்கிறதே என்று. நானும் நின்றேன், அவரும் கிடந்தார். அடிவாரம் போன மினிபஸ் திரும்பி வந்து தெருமுனையில் மறுபடியும் ஹாரன் அடித்தது. அப்போதுதான் பால்காரன் வீரபாண்டி கேனோடு அவரைத் தேடிக் கொல்லைக்கு வந்தான்.

“ஐயோ, என்னண்ணே இது! ஏ, யாரு இருக்கா அங்கன?” என்று அவன் கத்தியதும் நான் சட்டென்று குனிந்து ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வீரபாண்டிதான் ஆட்டோ பிடித்து, தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். காலில் எலும்பு விரிசல். நெற்றியில் ஆறு தையல். மறுநாள் ரூபன் ஓசூரிலிருந்து வந்தான். தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியாக என் வாசலில் வந்து நின்றான். சின்னப் பையனாக இருந்தபோது என் பால்வாடியில் கஞ்சி குடித்தவன். சண்டை வந்த பிறகு என் வாசலை மிதித்ததில்லை.

“அத்தை, ஒண்ணு கேக்கணும். அப்பா விழுந்தத நீங்க பாத்தீங்களா?” என்றான்.

“ஏன்யா?”

“டாக்டரம்மா கேக்குறாங்க. இசிஜி எடுத்தா நல்லாத்தான் இருக்கு, ஸ்கேன்லயும் ஒண்ணும் தெரியலை. விழும்போது பாத்தவங்க ஒருத்தராவது வந்து சொன்னாத்தான் வலிப்பா, இல்ல நெஞ்சுத் துடிப்பு நின்னு நின்னு வருதான்னு பிரிக்க முடியுமாம். அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியலை. நின்னேன், அப்புறம் கெடந்தேன்கிறாரு. கோயில்ல இருந்தவங்க நுரை தள்ளுச்சுன்னு சொல்றாங்க. அப்ப வலிப்புதான்னு மாத்திரையைக் கூட்டி அனுப்பிருவாங்க. ஆனா நெஞ்சா இருந்தா, அடுத்த தடவை விழுந்தா எந்திரிக்க மாட்டாராம்.” பிறகு, “எப்படி இருந்தாலும் இங்க தனியா விட முடியாது அத்தை. திண்டுக்கல் பக்கம் ஒரு ஹோம்ல கேட்டிருக்கேன்” என்றான்.

“நான் அடுப்படில இருந்தேன்யா. பாக்கலை” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்பதுதானே.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபத்தில் பராக்காயிருந்தேன் என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு, இதை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். சொல்லியிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்? சாமியார் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பார். எனக்கு மன்னிப்புக் கிடைத்திருக்கும். தேனியில் கட்டிலில் கிடக்கிறவருக்கு அதனால் என்ன பிரயோசனம்? நான் கண்ணால் பார்த்ததைக் கேட்க வேண்டியவர் சாமியார் இல்லை. ஞாயிறு முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடுத்த கொல்லையில் துவைக்கிற கல்லும், அதன் மேல் காய்ந்துபோய்க் கிடந்த அந்தச் சட்டையும்தான் எங்கே போனாலும் கண்ணில் பட்டது. அவர் செத்துப்போவார், நான் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உயிரோடு இருப்பேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் எட்டுப் பத்து வண்டி அடிவாரம் போய்த் திரும்பும்போது ஏறிவிட்டேன். உத்தமபாளையத்தில் மாறி, சின்னமனூர் தாண்டித் தேனி போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். தெரிந்த முகம் ஏதாவது ஏறி, டீச்சர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் திரும்பிப் போய்விடுவேனோ என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை.

வார்டில் பன்னிரண்டாவது கட்டில். காலில் மாவுக்கட்டு, நெற்றியில் பஞ்சு. தலையணை அவருக்குத் தோதாக இல்லை, கழுத்து அந்தரத்தில் நின்றது. என்னைக் கண்டதும் கண்ணை அகல விரித்தார். ரூபன் மருந்து வாங்கப் போயிருந்தான். டாக்டரம்மா சின்ன வயசு, என் மகளை விடச் சின்னவள். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இவரு விழும்போது நான் பாத்தேன்” என்றேன். எனக்கே என் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் அப்படியே நின்றாள். “நீங்க யாரும்மா?”

“பக்கத்து வீடு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். விழுவதற்கு முன்னால் முகம் என்ன நிறத்தில் இருந்தது? கையை ஊன்றினாரா? முதலில் விழுந்து பிறகு கை வெட்டியதா, கை வெட்டி பிறகு விழுந்தாரா? எத்தனை தடவை? கண் திறந்திருந்ததா? விழித்த பிறகு முகம் எப்படி இருந்தது? குழப்பமாகப் பார்த்தாரா, ஆளை அடையாளம் தெரிந்ததா? ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் இருந்தது. வெளுத்ததையும் செருகியதையும் சிவந்ததையும் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருந்த கண், எதையும் விடவில்லை. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. நர்ஸைக் கூப்பிட்டு, நெஞ்சில் ஒட்டி இரவும் பகலும் துடிப்பைப் பார்க்கிற மிஷினை உடனே மாட்டச் சொன்னாள்.

“இது வலிப்பு மாதிரி தெரியலம்மா. நெஞ்சுத் துடிப்பு சில நொடி நின்னு போய்த் திரும்ப வருதுன்னு நினைக்கிறேன். அது மிஷின்ல பதிவாச்சுன்னா பேஸ்மேக்கர் வச்சிரலாம். நல்லா நடமாடுவாரு. நல்லவேளை நீங்க வந்தீங்க” என்றாள். பேனாவை மூடப் போனவள், கையில் இருந்த தாளைப் பார்த்து மறுபடியும் நிமிர்ந்தாள்.

“விழுந்து எவ்வளவு நேரத்தில முழிச்சாரு?”

“ஒரு நிமிசத்துக்குள்ள.”

“ஆனா பால்காரர் வந்தது எட்டரை மணிக்கு மேலன்னு எழுதியிருக்கு. அதுவரைக்கும் கிடந்தாரா?”

“கால் மடங்கிக் கெடந்தது. எந்திரிக்க முடியல.”

“எவ்வளவு நேரம்?”

“எட்டுப் பத்து பஸ் போயி, திரும்பி வர்ற வரைக்கும்.”

“அவ்வளவு நேரமும் நீங்க எங்க இருந்தீங்க?”

வார்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. “அங்கனதான். செவுத்துக்கு இந்தப் பக்கம். பாத்துக்கிட்டு நின்னேன்” என்றேன்.

“பாத்துக்கிட்டு நின்னீங்களா? ஒரு வயசானவர் ரத்தம் வடியக் கிடக்கிறார், நீங்க...” அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. இதற்குத்தான் வந்தேன், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

“டாக்டரம்மா, அவுகள வையாதீக.”

பங்கிராஸ்தான் பேசினார். குரல் கம்மிப் போயிருந்தது.

“எனக்கு முழிப்பு வந்ததும் செவுத்துக்கு மேல டீச்சரு தல தெரிஞ்சுச்சு. சரி, ஆளு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் பயமில்லாமக் கெடந்தேன். இவுக பாத்துக்கிட்டு இருக்காக, செத்தாலும் தெரியாமப் போயிராதுன்னு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இதுக்கு முன்ன வீட்ல ரெண்டு தடவ விழுந்தேன். அப்பத்தான் பயந்துட்டேன். எந்திரிச்சுச் சுத்திமுத்திப் பாத்தா ஒரு சனமும் இல்ல.”

அவர் கிடந்த அந்த இருபத்தைந்து நிமிஷத்தையும் நான் வீம்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் துணை என்று நினைத்துக் கிடந்திருக்கிறார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினேன்.

“அப்பவும் நான் இருந்தேண்ணே,” என்றேன். “ரெண்டு தடவையும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”